கிள்ளியூர் மணலும் 45 நாள் தாமதமும்

2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம். பரப்பளவு எவ்வளவு சின்னதானாலும் டெல்லியே பரிசீலிக்கும். கேட்டது பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும். சொன்ன காரணம், தேசப் பாதுகாப்பு.

குமரி மாவட்டத்துக்கு இது நேரடி விஷயம். கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1-இல் நடக்க இருந்த கருத்துக்கேட்பு, எதிர்ப்பு காரணமாகத் தள்ளிப்போனது. இப்போ அந்தக் கூட்டம் நடத்தணும்ங்கிற கட்டாயமே இல்லை.

பாதுகாப்புக் கவலை பொய் இல்லை. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம்ம மின்வாகனக் கம்பெனிகள் காந்தத்துக்குத் திண்டாடின. ஆனா அந்தச் சங்கிலியில் அறுந்த கண்ணி எது?

மணலிலிருந்து மோனசைட், அதிலிருந்து ஆக்சைடு, பிறகு உலோகம், கலப்புலோகம், கடைசியில் காந்தம். முதல் இரண்டு கட்டமும் நம்மிடம் பல வருஷமாக உண்டு. மணவாளக்குறிச்சி, சத்ரபூர், ஆலுவா ஆலைகள் அதற்குத்தான். பெரிய அளவில் இல்லாதது பின்னால் வரும் கட்டங்கள். உள்நாட்டில் வாங்கிப் பயன்படுத்த ஆள் இல்லாமல் நம்ம நியோடிமியம் ஜப்பானுக்குப் போய்க்கிட்டிருந்தது. அரசுக்கும் இது தெரியும். 2025 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த 7,280 கோடி ரூபாய் திட்டம் காந்த உற்பத்திக்குத்தான்.

இன்னொன்று. சீனா கட்டுப்படுத்திய ஏழில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் முக்கியமானவை. இந்தியக் கனிவளத்தில் இந்தக் கனரக வகைகள் எடுக்கத்தக்க அளவில் இல்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கிள்ளியூரை முழுசாத் தோண்டினாலும் அந்த ஓட்டை அடையாது.

மென்பொருள் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். புரோகிராம் எங்கே தாமதமாகுதுன்னு அளக்காமல், கைக்கு எட்டின இடத்தில் மாற்றம் செய்வார்கள். வேகம் அப்படியேதான் இருக்கும். இங்கே கைக்கு எட்டினது கடற்கரை ஜனங்களின் வாய்.

“காந்த ஆலை வந்தா மணல் வேணும்லா?” வேணும்தான். ஆனால் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கருத்துக்கேட்பை முடிக்கக் கொடுத்திருக்கும் அவகாசம் 45 நாள். பல பத்தாண்டு ஓடப்போகும் சுரங்கத்தில் 45 நாளை மிச்சம்பிடித்து என்ன பாதுகாப்பு கிடைத்துவிடும்?

இழப்பு மட்டும் பெரிது. மோனசைட்டை அகற்றினால் கதிர்வீச்சு குறையும் என்பது நிறுவனத்தின் வாதம். புற்றுநோய், கடலரிப்பு, குடிநீர் என்பது மக்களின் பயம். இரண்டும் எதிரெதிரே வைக்கப்பட்டு, பதிவாகி, நிபுணர் குழு பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரே இடம் அந்தக் கூட்டம்.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். முதல் உலகப் போரில் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர் அதை வைத்துப் பேரம் பேசினார். நூறு வருஷத்துக்கு மேலாக இது யாரோ ஒருவருடைய பாதுகாப்புக்கான மணல். இங்கே குடியிருப்பவர்களிடம் கேட்க சட்டம் ஒரு வாய்ப்பு வைத்திருந்தது. குறிப்பாணையைத் திரும்பப் பெற்று, அந்தக் கூட்டத்தைப் பத்மநாபபுரம் அலுவலகத்தில் இல்லாமல் கீழ்மிடாலத்திலேயே நடத்தட்டும்.