நாக்கின் இரண்டு காரியங்கள்

மொரீஷியஸைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு தாம்பாளம் தேவைப்படுகிறது. இந்தியரின் பூரி, சீனரின் வறுத்த நூடுல்ஸ், ஆப்பிரிக்கரின் சேகா, பிரெஞ்சுக்காரரின் ரொட்டி என்று அடுக்கி, எத்தனை வர்ணம் பாருங்கள் என்கிறார்கள். இந்த மாதிரிக் கலாச்சாரக் கொண்டாட்டம் எனக்கு அலுப்பூட்டுகிறது. அடுக்கி வைத்தவை ஒன்றையொன்று தொடுவதில்லை. தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுவதில்லை.

அதற்கான பதிலை அந்தத் தீவின் அடுப்படி எப்போதோ சொல்லிவிட்டது. போஜ்புரிக் கூலிகள் கொண்டுபோன பருப்புப் பூரி அங்கே 'தோல் பூரி'. இரண்டிரண்டாகத் தாளில் சுற்றித் தெருவில் விற்கிறார்கள். உள்ளே 'ருகாய்' என்கிற கிரியோல் வீட்டுத் தக்காளிக் குழம்பு. முருங்கைக்கீரைக்குப் பெயர் 'ப்ரேத் முரூம்'. முரூம் நம் முருங்கைதான். 'விந்தாய்' மீனின் பெயர் போர்த்துகீசிய வம்சம், மஞ்சள் இந்தியாவுடையது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. 1835ல் அடிமைமுறை ஒழிந்த கரும்புத் தீவில், ஏறக்குறைய 5 லட்சம் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிவிட்ட சரித்திரத்தில் பசி செய்த காரியம்.

சேகாவின் கதை இத்தனை சுமுகமானதல்ல. ஆட்டுத்தோல் 'ரவான்' பறையை நெருப்பில் காய்ச்சி அடித்து அடிமைகள் பாடியது. நெடுங்காலம் ஆபாசம் என்று ஒதுக்கப்பட்டு, பிறகு ஓட்டல்களில் பூப்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு உல்லாசப் பயணிகள் முன் ஆடி, 2014ல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. இடையில் காயா என்ற பாடகர் சேகாவோடு ஜமைக்காவின் ரெகேயைக் கலந்து 'செகே' என்ற ஒன்றைச் சிருஷ்டித்தார். 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் செத்தார். தீவு சில நாட்கள் எரிந்தது. தாம்பாளக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

என் அக்கறை மொழி பற்றியது. இத்தனையும் தின்கிற நாக்கு பேசுவது கிரியோல்; எஜமானனின் பிரெஞ்சிலிருந்து அடிமைகள் தங்களுக்கென்று சமைத்துக்கொண்ட பேச்சு. ருசிக்குத் தடை சொல்லாத சமூகம் இந்தப் பேச்சை மட்டும் கொச்சை என்று வாசலில் நிறுத்தியது. ஆரம்பப் பள்ளியில் அது விருப்பப் பாடமாக நுழைவதற்கே 2012 ஆயிற்று. அங்குள்ள தமிழர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். 1998ல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே இறக்கப்பட்டதும் கொந்தளித்தார்கள், நோட்டுகள் வாபஸாயின. கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே ஆவேசம் வாயில் புழங்கும் மொழிக்காகவும் எழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த மொழியில் ஷேக்ஸ்பியரோடு மல்லுக்கு நின்றவர் தேவ் விராசாமி (1942-2023). 'டெம்பெஸ்ட்'டைக் கலைத்துப்போட்டு 1991ல் 'தூஃபான்' எழுதினார். ப்ராஸ்பரோவின் மந்திரம் இதில் கம்ப்யூட்டர். கலிபன் அடிமைப் பெண்ணுக்கும் வெள்ளைக் கடற்கொள்ளையனுக்கும் பிறந்த கெட்டிக்காரன்; ப்ராஸ்பரோவின் மகள் இளவரசனை விட்டு அவனை வரிக்கிறாள். அடுப்படியில் ஓசையில்லாமல் நடந்தது இங்கே கல்யாணமாகவும் அரசுரிமையாகவும் மேடையேறுகிறது. கருத்து சில இடங்களில் துருத்திக்கொண்டு நிற்பது உண்மைதான். அடுத்த வருஷமே கால் தொராபுலி பிரெஞ்சுக் கவிதையில் 'கூலித்துவம்' என்ற கருத்தைக் கொண்டுவந்தார். வேருக்குப் பதில் பவளத்தைப் படிமமாக்கினார். அழகான படிமம். ஆனால் கூலியின் நாக்கு அதில் எனக்குக் கேட்கவில்லை. விராசாமியின் கரடுமுரடையே நான் தேர்ந்தெடுப்பேன்.

'தூஃபான்' தமிழில் வரவேண்டிய நாடகம். செய்கிறவருக்கு முதல் சிக்கல் கலிபனின் பேச்சு. நம் மேடைத் தமிழ் அவன் வாயில் ஒட்டாது. துறைமுகத்துத் தமிழா, தோட்டக்காட்டுத் தமிழா என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும்.