ஆற்றுப்படுத்தலும் அறிதலும்: சிறுபான்மைக் குடும்பங்களுக்கான உளநல ஆலோசனை பற்றி ஒரு மதிப்பீடு

மனம் நொந்தவருக்கு ஆலோசனை கூறித் துணைநிற்கும் பணியைக் குறிக்க 'ஆற்றுப்படுத்துதல்' என்னும் சொல் தமிழகத்தில் வழக்கிற்கு வந்து சில பத்தாண்டுகள் ஆகின்றன. இச்சொல்லின் வேர் பழைமையானது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனுக்குத் தான் சென்ற வழியையும் வள்ளலின் ஊரையும் எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. வழிகூறுபவன் அவ்வழியில் நடந்தவன் என்பதும், எதிரே வருபவனின் பசி எத்தகையது என்பதை அவன் தன் உடலாலேயே அறிந்திருந்தான் என்பதும் அவ்விலக்கிய வகையின் உயிர்நிலை. இன்றைய ஆற்றுப்படுத்துநர் அப்படிப்பட்டவரா என்னும் வினாவிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறோம்.

சிறுபான்மைச் சமூகத்தவருக்கு ஆலோசனை வழங்குவோர் அச்சமூகத்தின் பண்பாட்டை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு பெரும்பாலும் அமெரிக்காவில் உருப்பெற்றது. டெரால்ட் விங் சூ 1981இல் வெளியிட்ட நூல் அத்துறையில் பாடநூலாகவே ஆயிற்று. வெள்ளை நடுத்தர வர்க்கத்தாரின் வாழ்வை அளவுகோலாகக் கொண்டு பிறரை அளப்பது ஆலோசனை ஆகாது என்பதே அக்கோட்பாட்டின் சாரம். அது நியாயமானது. ஆனால் காலப்போக்கில் அது பட்டியலாகச் சுருங்கியது. இன்ன இனத்தார் கண்ணை நோக்கிப் பேசமாட்டார், இன்ன சமயத்தார் கைகுலுக்கமாட்டார் என்று மனனம் செய்துவிட்டால் பண்பாடு கைவந்துவிடும் என்ற மயக்கம் பிறந்தது. இம்மயக்கத்தைக் கண்ட மெலனி டெர்வாலன், ஜேன் மர்ரே கார்சியா ஆகிய இரு மருத்துவர்களும் 1998இல் 'பண்பாட்டுத் தேர்ச்சி' என்பதற்குப் பதிலாகப் 'பண்பாட்டுப் பணிவு' என்னும் கருத்தை முன்வைத்தனர். அறிந்துவிட்டோம் என்று கருதாது, எதிரே இருப்பவரிடமிருந்து கற்றுக்கொண்டே இருத்தல் என்பது அதன் பொருள்.

வேற்றுமை தோன்றாத வேற்றுமை

இக்கோட்பாட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வடசென்னைக்கு வந்தால் முதலடியிலேயே இடறுகிறோம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இத்துறைமுகத் தொழிற்பகுதியில் தமிழ் பேசும் முஸ்லிம்களும், உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோரும், கத்தோலிக்கரும், தெலுங்கு பேசுவோரும், ஆலைகளிலும் சரக்குக் கிடங்குகளிலும் உழைக்க வந்த வடமாநிலத்தாரும் நெருங்கி வாழ்கின்றனர். அமெரிக்க நூல்கள் கருதும் சிறுபான்மையினர் பெரும்பாலும் நிறத்தாலும் மொழியாலும் வேறுபட்டுத் தெரிபவர். இங்கோ, தமிழ் முஸ்லிம் பெண்ணொருவர் ஆலோசகர் முன் அமர்ந்தால் பேச்சிலோ தோற்றத்திலோ பெரிய வேற்றுமை எதுவும் தென்படுவதில்லை. எனவே, அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை என்று ஆலோசகர் கருதிவிடுகிறார். தோன்றாத வேற்றுமையே இங்குச் சிக்கலானது.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் பெண்கள் 'கல்பு கலங்குது' என்பர். உருது பேசும் தாய் 'தில் கப்ராதா ஹை' என்பார். இரண்டும் நெஞ்சைச் சுட்டும் சொற்கள். கேட்பவர் அதை இதயப் படபடப்பு என்று கொண்டு இதயத்துடிப்புப் பதிவு எடுக்க அனுப்பக்கூடும். உடற்பரிசோதனை தேவையானதே. ஆனால் இறைவனை நினைவுகூரும் இடமும், அச்சம் குடிகொள்ளும் இடமும், பாவத்தின் கறை படியும் இடமும் கல்பே என்று நம்பும் ஒருவர் அச்சொல்லால் உணர்த்துவது என்ன என்று கேட்கப்படாமலேயே போகிறது. மருந்துச்சீட்டுடன் திரும்பும் அப்பெண், தாம் சொன்னது சென்று சேரவில்லை என்பதை மட்டும் அறிந்திருக்கிறார்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடு, நோயாளி தம் துன்பத்திற்கு என்ன பெயரிடுகிறார், எதைக் காரணமாகக் கருதுகிறார், யாரிடம் உதவி தேடினார் என்றெல்லாம் வினவும் 16 வினாக்களைக் கொண்ட நேர்காணல் முறையை இணைத்துள்ளது. ஆர்தர் கிளெய்ன்மன் 1970களிலேயே வற்புறுத்திய அணுகுமுறை அது. நமக்கு இது முற்றிலும் புதியதன்று. பல்கைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934) உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் இணைத்தெழுதினார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் புலப்படாத துயரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனும் ஓயாத எண்ண அலைக்கழிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். நம் காலத்தில் அந்நூலை மீட்டுப் பரப்பிய சூடான் நாட்டு அறிஞர் மாலிக் பத்ரீ, முஸ்லிம் உளவியலாளர்கள் மேற்கத்தியக் கோட்பாடுகளைக் கண்மூடிப் பின்பற்றும் அவலத்தை 1979இலேயே நூலாக எழுதிக் கடிந்தார்.

இரு பிழைகள்

பண்பாட்டை அறியாமை ஒரு பிழை. பண்பாட்டையே முழு விளக்கமாகக் கொள்வது மற்றொரு பிழை. இரண்டும் ஒரே குடும்பத்தைத் தாக்கக்கூடும்.

கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். 4 மாதம் 10 நாள் அவர் அலங்காரம் தவிர்த்து இல்லத்தில் தங்குகிறார். இதை அறியாத ஆலோசகர், வெளியே செல்லாமையையும் அலங்காரம் துறந்தமையையும் மனச்சோர்வின் அறிகுறிகளாகவோ குடும்பத்தாரின் ஒடுக்குமுறையாகவோ பதிவு செய்துவிடலாம். மாறாக, 'இது அவர்கள் வழக்கம்' என்று கற்றுக்கொண்ட மற்றோர் ஆலோசகர், அப்பெண் உண்ணாததையும் உறங்காததையும், சாவைப் பற்றியே பேசுவதையும்கூட வழக்கத்தின் கணக்கில் எழுதிவிடலாம். முன்னவரின் அறியாமை அவமதிக்கிறது. பின்னவரின் 'அறிவு' கைவிடுகிறது. இத்தா துயரத்திற்கு ஒரு கால எல்லையையும் ஒழுங்கையும் தருகிறது. அவ்வொழுங்கிற்குள் ஒரு பெண் ஆறுதல் அடைகிறாரா, அமிழ்ந்து போகிறாரா என்பதை அவரிடம் கேட்டே அறிய இயலும்.

ரமளானும் அத்தகையதே. நோன்பைக் கருதி மாத்திரையை நிறுத்திவிட்டு, பெருநாளுக்கு முன்பே நோய் முற்றி மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. 'நோன்பு வைக்காதே' என்று அதட்டும் மருத்துவரிடம் இவர்கள் அடுத்த ஆண்டு உண்மை சொல்வதில்லை. ஷஅபானிலேயே பேசி, எந்த மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று விளக்கும் மருத்துவரோ நம்பிக்கையைப் பெறுகிறார். லித்தியம் போன்ற மருந்தை உட்கொள்வோரின் உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக உயரக்கூடும். அவருக்கு நோயாளிக்கான சலுகையைத் திருக்குர்ஆனே வழங்கியிருக்கிறது என்பதை ஓர் ஆலிமின் வாயால் கேட்பதே பயன் தரும். இங்கு மருத்துவரும் ஆலிமும் ஒருவருக்கொருவர் மாற்று அல்லர்.

ஏர்வாடி கூறும் பாடம்

இராயபுரத்திலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை மிக அருகில் உள்ளது. 1794இல் தொடங்கிய மரபைக் கொண்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் தொலைவில் இல்லை. ஏர்வாடியோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால், இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது. அருகிலுள்ளதை விட்டுத் தொலைவிலுள்ளதை நாடும் குடும்பங்கள் ஏன் அவ்வாறு செய்கின்றன? 'அறியாமை' என்று விடைகூறி நகர்ந்துவிடுவது எளிது. நாம் அவ்விடையை ஏற்பதற்கில்லை.

சென்னைப் பேச்சில் 'கீழ்ப்பாக்கம்' என்பதே வசைச்சொல்லாகிவிட்டது. அங்கே மகனைச் சேர்த்ததாகத் தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது எனப் பெற்றோர் அஞ்சுகின்றனர். ஜின் தீண்டியது, ஸிஹ்ர் செய்யப்பட்டது என்னும் விளக்கத்தில் நோய் வெளியிலிருந்து வருகிறது. குடும்பத்தின் இரத்தத்தில் குற்றம் இல்லை. ஆகவே அவ்விளக்கம் குடும்ப மானத்தைக் காக்கும் கேடயமாகவும் பயன்படுகிறது. தர்காவில் தாய் மகனோடு தங்கலாம். யாரும் அவரைப் பார்த்து முகஞ்சுளிப்பதில்லை. ஏர்வாடிக்கு முஸ்லிம்கள் மட்டுமன்றி எல்லாச் சமயத்தாரும் செல்வதற்கும் இதுவே காரணம். தர்கா வழிபாடு பற்றிய மார்க்க விவாதத்தை இங்கு நாம் தீர்க்கப் புகவில்லை. அங்கே மக்கள் தேடிச் செல்வது எது என்பதே நம் வினா. கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து இரகுராம் முதலானோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தின்றியே அவர்களது நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு தணிந்ததைக் கண்டது. பரிவான சூழல் என்பது வெறும் சொல்லன்று என்பதற்கு அது சான்று.

ஆனால் அதே ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தனியார் இல்லம் ஒன்றில் பற்றிய தீயில் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. உரிமம் பெற்றே மனநல இல்லம் நடத்தப்பட வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தும், மருத்துவர் இல்லாத இத்தகைய இல்லங்கள் தர்காவைச் சுற்றிப் பெருகியிருந்தன. 'அது அவர்களின் நம்பிக்கை' என்று அரசு ஒதுங்கியிருந்தது, சமூகமும் ஒதுங்கியிருந்தது. பண்பாட்டை மதித்தல் என்பதன் பெயரால் புறக்கணிப்பு நிகழக்கூடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்வழக்கைக் கையிலெடுத்தது. இல்லங்கள் மூடப்பட்டன. 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. ஒருவர் குறிப்பிட்ட சமயத்தையோ பண்பாட்டையோ சேர்ந்தவர் என்பதைக் கொண்டு மனநோயைத் தீர்மானிக்கலாகாது என்றும், சமயம், பண்பாடு, சாதி காரணமாகச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்றும் அது விதிக்கிறது.

சட்டம் சங்கிலியை அகற்றும், வெட்கத்தை அகற்றாது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிப் பின்னர் ஏர்வாடியிலும் மேற்கொள்ளப்பட்ட 'தவா-துஆ' முயற்சி இவ்விடைவெளியை நோக்கியது. துஆவை நிறுத்தாமல், தவாவையும் அங்கேயே கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்க, இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது நம் பிற்காலப் பிழையே. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. தர்காவை நோயாளிகளைத் திரட்டித் தரும் வாயிலாக மட்டும் மருத்துவத்துறை கருதுமானால், அங்கே குடும்பம் பெற்ற பரிவை அது கற்றுக்கொள்ளத் தவறிவிடும்.

பண்பாடு அல்லாதவை

வடசென்னையில் துன்பத்தின் வேர் எப்போதும் பண்பாட்டில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிப் படகும் வலையும் பாழாயின. அம்மாதம் 26ஆம் நாள் இரவு உர ஆலைக்குரிய கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடினர். அதன்பின் உறக்கம் இழந்த மீனவரிடமோ ஒப்பந்தத் தொழிலாளரிடமோ அவரது சமய நம்பிக்கைகளை மட்டும் துருவுவது, காரணத்தை மறைப்பதாகும். இதே டிசம்பர் 26இல், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், தெற்காசியக் கடற்கரைகளுக்கு ஆலோசகர் பலர் வந்தனர். இலங்கையில் ஆய்வு செய்த காயத்ரி ஃபெர்னாண்டோ, அங்குள்ளோர் தம் துன்பத்தை உள்ளத்தில் ஏற்பட்ட காயமாகவன்றி, உறவுகளிலும் கடமைகளிலும் ஏற்பட்ட முறிவாகவே உணர்ந்தனர் என்று காட்டினார். தொழிலையும் உறவையும் மீட்டுத் தராத ஆற்றுப்படுத்தல் பாதிவழியில் நின்றுவிடும்.

நம் வாயிலில்

பிறரைக் குறைகூறிய நாம் நம்மையும் ஆராய வேண்டும். மணமுறிவுப் பிணக்குகள் ஜமாஅத் அலுவலகத்திற்கு வருகின்றன. மகப்பேற்றுக்குப் பின் குழந்தையை ஏறெடுத்தும் பாராத பெண்ணின் நோய், 'பொறுப்பற்றவள்' என்னும் குற்றச்சாட்டாகப் பஞ்சாயத்தில் பதிவாகிறது. கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவராக அமர்ந்து இணக்கம் தேட வேண்டும் என்பது திருக்குர்ஆனின் ஏற்பாடு. நாமோ அவ்விருவரையும் வழக்காடிகளாக மாற்றிவிட்டோம். மேலும், மஹல்லாவில் சொன்னது மறுநாள் தெருவுக்கு வரும் என்ற அச்சத்தால், நம் பெண்கள் சிலர் நம்மவர் அல்லாத ஆலோசகரையே விரும்புகின்றனர். ஆற்றுப்படுத்துநர் நம்மவராகவே இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் இதை எண்ணிப் பார்த்தல் நலம். தேவை ஒரே சமூகத்தவராக இருத்தலன்று. கேட்கும் பணிவும் காக்கும் இரகசியமுமே.

வடசென்னைப் பள்ளிவாசல் வாயில்களில் மக்ரிபுக்குப் பின் காணும் காட்சி நம் நினைவுக்கு வருகிறது. அழும் குழந்தையை ஏந்திய தாய்மார், அவருள் பிற சமயத்தவரும், தொழுது வெளிவருவோர் ஓதி ஊதுவதற்காகக் காத்து நிற்பர். யாரும் அவர்களின் பெயரையோ சமயத்தையோ கேட்பதில்லை. அவ்வாயிலில் நிற்கும் தாயின் முகத்தில் குழந்தையின் நோயைவிடப் பெரிய சோர்வு ஒன்று தெரியுமானால், 'உனக்கு எப்படி இருக்கிறதம்மா?' என்று கேட்கவும், பக்கத்து மருத்துவமனைக்கு அவரோடு ஒருவரைத் துணையனுப்பவும் நம் ஜமாஅத்துகள் பயில வேண்டும். ஸ்டான்லியின் வாயிலிலும் அதே கேள்வி அதே பரிவோடு கேட்கப்படுமானால், 500 கிலோமீட்டர் பயணத்திற்குத் தேவை குறையும். அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.