நீளக் கூடத்தில் ஒதுங்க ஓர் இடம்

விராலிமலையில் திருச்சி–மதுரை நாற்கரச் சாலையை ஒட்டி மனைப்பிரிவுகள் பெருகிவிட்டன. 25 அடி அகலம், 60 அடி நீளம் என்று கல் நட்ட மனைகளில் எழும் வீடுகளுக்கு ஏறக்குறைய ஒரே வரைபடம்தான். நிலைக்கதவைத் திறந்தால் 30 அடிக்கு நீண்டு கிடக்கும் ஹால். அதன் கோடியில் மேடை போட்ட ஓப்பன் கிச்சன், நடுவில் சாப்பாட்டு மேசை, ஒரு பக்கம் வரிசையாக இரண்டு சின்ன அறைகள், மறுபக்கம் பக்கத்து வீட்டை ஒட்டிய மொட்டைச் சுவர். ஹாலின் குறுக்கே ஒரு சுவரும் கிடையாது. பால் காய்ச்சும் அன்று வரும் உறவினர்கள் வாசலில் நின்றபடியே வீடு முழுவதையும் பார்த்துவிட்டு, ‘எவ்வளவு பெருசா இருக்கு’ என்கிறார்கள். அந்த ஒரு நிமிடப் பாராட்டுக்காகத்தான் சுவர்கள் கைவிடப்படுகின்றன என்பது என் நெடுநாள் எண்ணம்.

வெறும் மோஸ்தர் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அதற்கு இப்போது மரபின் பெயரால் ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. ‘இது நம்ம செட்டிநாட்டு வளவு மாதிரிதான் சார்’ என்கிறார்கள் வரைபடம் போடும் இளம் பொறியாளர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பல வீடுகள் விடுதிகளாயின. படங்களில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அவற்றின் மேல் ஆசை வந்துவிட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்து, இரண்டு மரத்தூண் நிறுத்தி, ஓர் ஊஞ்சலை மாட்டினால் நீள ஹால், முற்றத்தைச் சுற்றி அமைந்த அந்த வளவாகிவிடும் என்று நம்புகிறார்கள். ஆகாது. ஏன் ஆகாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வளைகாப்புக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் ஐம்பது பேரை உட்காரவைக்கலாம். பெரியவர் ஒருவர் தவறிவிட்டால் கிடத்தவும் சுற்றி உறவு உட்காரவும் இடமிருக்கும். சக்கர நாற்காலி தட்டாமல் போகும். தவழும் குழந்தை அடுப்படியில் நிற்பவர் கண்ணிலேயே இருக்கும். முன்வாசல் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே எட்டும். ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடியில் கட்டுகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. இங்கே பேச்சு, ஹாலுக்கு மட்டுமே 360 சதுர அடி ஒதுக்கிவிட்டு, அறைகளைப் பத்துக்கு ஒன்பது என்று சுருக்கிக்கொள்கிறவர்களைப் பற்றியது.

கட்டி முடித்த பிறகுதான் இவ்வளவு நீளத்தை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. அதற்கு உள் அலங்காரக்காரர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. சோபாவின் முதுகைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் திருப்பிப் போடுங்கள், உட்காரும் இடத்தில் கம்பளம் விரியுங்கள், நடுவில் திறந்த அலமாரி ஒன்றை நிறுத்துங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் மேலே தனித்தனி விளக்கு தொங்கவிடுங்கள். சாமான்களை எல்லாம் சுவரோரம் தள்ளி நடுவை நடைபாதையாக விடுகிற நம் வழக்கத்தைவிட இது மேல்தான். படத்தில் நன்றாகவும் இருக்கும். ஆனால் இவை அத்தனையும் கண்ணுக்குப் போட்ட எல்லைகள். காதுக்கு எந்த எல்லையும் இல்லை.

1890களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலியால் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளரிடம் வந்தது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஓசை அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். அறையின் கொள்ளளவு கூடக்கூட அந்த நேரம் கூடும், ஓசையை உறிஞ்சும் பரப்பு கூடக்கூடக் குறையும் என்பது அவர் கண்ட விதி. 30 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள நம் ஹாலை அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். விட்ரிஃபைட் தரையும் பட்டி பார்த்த சுவரும் காங்கிரீட் கூரையும் ஓசையைத் திருப்பி எறிபவை. சாமான் இறக்காத ஹாலில் ஓசை அடங்க 2 நொடிக்கு மேல் ஆகும். வீட்டில் பேச்சு தெளிவாகக் கேட்க அது அரை நொடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சோபாவும் திரைச்சீலையும் வந்தால் கொஞ்சம் குறையும். மிக்ஸி 80 டெசிபலைத் தாண்டுகிறது. மிக்ஸி ஓடும்போது டிவியைக் கூட்டுகிறார்கள். டிவி கூடியதும் போனில் பேசுகிறவர் குரலைக் கூட்டுகிறார். மிக்ஸி நின்ற பிறகும் யாரும் குறைப்பதில்லை.

விராலிமலையைச் சுற்றித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கிறவர்கள் பல வீடுகளில் உண்டு. அறைதான் இருக்கிறதே என்பார்கள். அந்த அறைக் கதவு நேரே ஹாலில் திறக்கிறது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. குக்கர் விசில் முதல் வாசலில் பேசும் கீரைக்காரம்மா வரை எல்லாம் உள்ளே வரும். பிளஸ் டூ படிக்கும் பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போகிறாள். சுவர் இல்லாத வீட்டில் யாரும் யாரிடமும் தனியாகப் பேச முடியாது. கணவனும் மனைவியும் கடனைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எல்லோரும் தூங்கக் காத்திருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரு சின்ன மனஸ்தாபத்தை இருவருக்குள் தீர்த்துக்கொள்ள முடியாது. சொல்கிற சொல் எல்லாம் சபையில் சொன்னதாகிவிடுகிறது.

ஓப்பன் கிச்சன் பெண்ணைப் பின்கட்டு இருட்டிலிருந்து மீட்டது என்கிறார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். பழைய வீடுகளின் கடைசிக் கட்டு பெண்களை மறைத்துவைக்கவும் பயன்பட்டது உண்மை. ஆனால் இன்றைய மேடையருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஹாலில் ஓர் ஆண் விருந்தாளி வந்து உட்கார்ந்ததும், அடுப்பருகே நிற்கும் பெண் நைட்டிக்கு மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அவர் எழுந்து போகும்வரை, தாளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும், அந்தத் துண்டு நழுவாமல் பார்த்துக்கொள்கிறாள். களைத்து ஒரு ஸ்டூலில் சாய முடியாது, வியர்வையைத் துடைக்க முடியாது, முகம் சுளிக்க முடியாது. மிளகாய் நெடி ஏறி விருந்தாளி இருமினால் அதுவும் அவள் குற்றம். முன்பு பின்னால் மறைத்தார்கள், இப்போது முன்னால் நிறுத்திவிட்டார்கள். வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது சாத்தவும் அவள் கையில் ஒரு கதவு இரண்டு காலத்திலும் இல்லை.

வளவுக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ராயவரத்திலும் கோனாபட்டிலும் அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். வாசலில் திண்ணை, கணக்கு வழக்குப் பேச வந்தவர் அதோடு திரும்பிவிடலாம். அடுத்து முகப்பு. அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, சுற்றிலும் தூண்கள் நிறுத்திய தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் அவற்றில் பங்கு உண்டு, பூட்டுச் சாவியோடு. அதற்குப் பின்னே இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னே அடுப்படி. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த நீளத்தில், கட்டுக்குக் கட்டு கதவு உண்டு. சுற்றிலும் சாத்தக்கூடிய கதவுகள் இருந்ததால்தான் நடுவை அவ்வளவு தாராளமாகத் திறந்துவைக்க முடிந்தது. முற்றத்தின் வழியே வெக்கையும் புகையும் ஓசையும் மேலேறிப் போயின. கட்டுகளை நீக்கி, அறைகளைச் சுருக்கி, முற்றத்தைக் காங்கிரீட்டால் மூடிவிட்டு, மிச்சமிருக்கும் நீளத்தை வளவு என்று அழைப்பது அந்தக் கொத்தனார்களின் அறிவுக்குச் செய்யும் அநியாயம்.

சித்திரையில் இந்த ஹால்களின் கதி என்ன? வெளியே 40 டிகிரி. கதவில்லாத 360 சதுர அடியை ஒன்றரை டன் ஏசி குளிர்விக்காது. ஆகவே ஏசி ஒரு சின்ன அறைக்குப் போகிறது. அந்த அறைக்குள் குடும்பமே பாய் விரிக்கிறது. ஊர் மெச்சிய ஹால் காலியாகக் கிடக்கிறது.

மேற்கத்திய முன்னோடிகளைக் காட்டுகிறவர்களுக்கும் பதில் உண்டு. திறந்த வரைபடத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஃபிராங்க் லாயிட் ரைட். மேடிசன் நகரில் 1937இல் அவர் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் வீட்டில் சமையலிடமும் கூடமும் கலந்திருக்கும். ஆனால் வீடு ‘எல்’ வடிவம். படுக்கையறைகளையும் படிப்பறையையும் இன்னொரு சிறகுக்குக் கொண்டுபோய்விட்டார். சத்தம் ஒரு பக்கம், அமைதி ஒரு பக்கம். அவரை வியப்பவர்கள் முதல் சிறகை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முழுக்கத் திறந்தால் என்ன ஆகும் என்பதை கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு காட்டியது. 1951இல் முடிந்த அந்த ஒற்றைக் கண்ணாடி அறையில் வாழவேண்டியிருந்த மருத்துவர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த், குப்பைக்கூடையை எங்கே வைத்தாலும் வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்றே யோசிக்க வேண்டியிருக்கிறது என்று நொந்தார். கட்டிக் கொடுத்தவரோடு இருந்த தகராறு நீதிமன்றம் வரை போனது. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் அந்த வீட்டைக் கொண்டாடுகிறார்கள். குடியிருந்தவர் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை.

நீளமான மனைக்கு நல்ல விடை வேண்டுமென்றால் கொழும்புக்குப் போகலாம். 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே நீள வீடாக இணைத்தார். அந்த நீளத்தை அவர் அப்படியே திறந்துவிடவில்லை. நடுநடுவே வானம் பார்த்த சிறு முற்றங்களை வைத்து வெட்டினார். நடந்து போகும்போது வெளிச்சம், நிழல், மறுபடி வெளிச்சம். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார ஓர் இடம், அதை அடுத்து ஓர் அறை. அதுவும் வெயிலும் வெக்கையும் உள்ள ஊர்தான்.

விராலிமலையில் ஆறுக்கு ஆறடியில் ஒரு முற்றம் போதும். மயிலும் குரங்கும் இறங்காதபடி மேலே கம்பி போட்டால் ஆயிற்று. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் திறந்த அலமாரிக்குப் பதிலாகக் கூரைவரை எட்டும் மூடிய பீரோ வரிசையைக் குறுக்கே நிறுத்தி, பாய் தலையணையும் போர்வையும் திணிக்கட்டும். துணி ஓசையைக் குடிக்கும். கிச்சன் முகத்துக்குத் தள்ளுகதவு போடலாம். டிவியை ஹாலிலிருந்து எடுத்துவிட்டாலே பாதிச் சச்சரவு அடங்கும். கட்டப்போகிறவர்களுக்கு இன்னும் எளிது. 12 அடி அகல ஹாலை மூன்றில் ஒரு பங்கில் மறிக்க நாலரை அங்குலச் சுவர் போதும். கதவுக்கு விட்டது போகச் சுமார் 500 செங்கல் பிடிக்கும். மாடியில் என்றால் அதற்குக் கீழே ஒரு பீம் வேண்டும் என்பதைப் பொறியாளரிடம் முன்பே சொல்ல வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கும் விளக்கு வரிசைக்கும் எடுத்துவைத்த பணத்தில் அது கட்டி முடியும். ஆனால் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் முன்பே அந்தச் சுவரைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். தரையில் டைல்ஸ் ஒட்டிய பிறகு யாரும் கட்டுவதில்லை.