சைலோ உச்சியில் ஒரு ரேடார்

பந்தல்குடிக்காரனுக்குச் சுண்ணாம்புக்கல் தூசி புதிதல்ல. சுரங்கமும் சிமென்ட்டும் பார்த்தே வளர்ந்த ஊர். நானும் சிமென்ட் ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்தே பிழைக்கிறேன். ஆனாலும் போன கோடையில் சாம்பல் சேமிக்கும் ஒரு சைலோவின் தலையில் 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்டிய நாளில் வந்த சந்தோஷம் அதுவரை எனக்கு வந்ததில்லை!

சைலோ 20 மீட்டர் ஆழம். முன்பெல்லாம் உச்சிக்கு ஏறி, கயிற்றில் குண்டு கட்டி இறக்குவோம். இல்லையென்றால் வெளியே சுத்தியலால் தட்டி, சத்தம் மாறும் இடத்தைக் கணக்கு வைப்போம். பிறகு அல்ட்ராசானிக் வந்தது. பல்கர் லாரி சாம்பலை ஊத ஆரம்பித்ததும் உள்ளே புகைமண்டலம். ஒலி அதிலேயே அமுங்கிவிடும், ரீடிங் அப்படியே நிற்கும். ஒருமுறை அதை நம்பி ஊதவிட்டதில், சாம்பல் மேலே பொங்கிக் கொட்டியது.

ரேடாருக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. அலை ஒளி வேகத்தில் இறங்கி, சாம்பலில் பட்டுத் திரும்புகிறது. 20 மீட்டர் போய்வர ஒரு விநாடியில் 75 லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதை அளந்து தூரம் சொல்கிறது அந்தச் சின்னக் கருவி! பழைய 26 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் கற்றை சுமார் 10 டிகிரி விரியும். அடியில் மூன்றரை மீட்டர் அகலம், ஏணி, குறுக்குக் கம்பி எல்லாவற்றிலும் மோதும். இந்த 80 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு 4 டிகிரிதான். அடியில் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

மாட்டும் இடம்தான் உயிர்நாடி. கூரையின் நட்டநடுவில் வைக்கக் கூடாது, சுவரை ஒட்டியும் கூடாது, சாம்பல் விழும் தாரைக்கு நேராக வைக்கவே கூடாது. எல்லாம் பார்த்து மாட்டியும் திரையில் அரை மீட்டரிலேயே ஒரு பொய் எதிரொலி கூம்பாக எழுந்து நின்றது. கருவியைக் கழற்றி, அது உட்காரும் குழாயான நாசிலுக்குள் கைவிட்டேன். உள்விளிம்பில் மிளகு அளவுக்கு வெல்டிங் முடிச்சு, விரல் நுனியைக் கீறியது. அரத்தால் ராவி வழவழப்பாக்கி, திரும்ப மாட்டி, சுழல் ஃபிளாஞ்சைச் சைலோவின் அடிக்கூம்பு வாயைப் பார்க்கத் திருப்பினேன். பொய்க்கூம்பு போனது. கீழே ஒரே எதிரொலி, கோயில் கோபுரம் மாதிரி நின்றது!

டேப்பை இறக்கிப் பார்த்தோம்: 11.6 மீட்டர். ரேடார் சொன்னது 11.5. சாம்பல் குவிந்து சரிந்து கிடக்கும் சைலோவில் இதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த பல்கர் ஊதும்போது கண்ட்ரோல் ரூமில் நின்றேன். சைலோவுக்குள் கும்மிருட்டும் புழுதியும். திரையில் கோடு தயங்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. கூட இருந்த தம்பி, "அண்ணே, இனி குண்டு கட்டி இறக்க வேண்டாம்ல?" என்றான். அவன்தான் வெயிலில் தினமும் மூன்று முறை ஏறி இறங்கியவன்.

புதிதாக டேங்கோ சைலோவோ கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூரையில் நாசில் வெல்டிங் வைக்கும் முன்னாலேயே இன்ஸ்ட்ருமென்ட்காரரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள்.