விலையா, பலியா?
‘லா லா லேண்ட்’ திரைப்படம் குறித்துச் சில எண்ணங்கள்

பலரும் போற்றும் ஒரு கலைப்படைப்பு நமக்கு மட்டும் பிடிக்காமற்போனால் என்ன செய்வது? வாய்மூடி இருந்துவிடலாம், அல்லது ஊரோடு ஒத்துத் தலையாட்டிவிடலாம். இரண்டும் எளிது. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று நம்மை நாமே கேட்டு, கிடைத்த விடையைப் பிறர்முன் வைப்பது கலைக்கும் நல்லது, அதைப் போற்றுவோர்க்கும் நல்லது என எண்ணுகிறோம். 2016-ஆம் ஆண்டு வெளிவந்த ‘லா லா லேண்ட்’ என்னும் அமெரிக்க இசைப்படத்தைப் பற்றியே இவ்வாறு எழுதத் துணிகிறோம்.

டேமியன் ஷசெல் எழுதி இயக்கிய இப்படத்தின் புகழ் சிறிதன்று. அவ்வாண்டின் வெனிஸ் திரைப்பட விழா இதனைக் கொண்டே தொடங்கிற்று. 2017 சனவரியில் கோல்டன் குளோப் விருதுகளில் பரிந்துரைக்கப்பட்ட 7 பிரிவுகளிலும் இது வென்றது. ஆஸ்கார் விருதுகளுக்கு 14 பரிந்துரைகள் கிடைத்தன. அதற்கு முன்னர் அத்தனை பரிந்துரைகளைப் பெற்றிருந்தவை ‘ஆல் அபவுட் ஈவ்’, ‘டைட்டானிக்’ ஆகிய இரண்டு படங்களே. இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவு, இசை, பாடல், கலை வடிவமைப்பு என 6 விருதுகள் இதற்குக் கிட்டின. சிறந்த படம் என்று இதன் பெயர் தவறாக அறிவிக்கப்பட்டு, படக்குழுவினர் மேடையேறிய பின்னர் ‘மூன்லைட்’ என்று திருத்தப்பட்டதும் உலகறிந்த செய்தி. திறனாய்வாளர் கொண்டாடினர், மக்களும் திரளாகக் கண்டு மகிழ்ந்தனர். நம் இளையோரிலும் இதன் மெட்டுகளை முணுமுணுப்போர் உண்டு. முடிவில் கண்ணீர் விட்டதாகச் சொல்வோரும் உண்டு. அக்கண்ணீரை நாம் ஏளனம் செய்யவில்லை.

பாட்டும் ஆட்டமும் நமக்கு ஒவ்வாதவை என்று எவரும் எண்ண வேண்டா. பேசத் தொடங்கிய நாள்முதல் பாடிக்கொண்டே வந்திருக்கும் திரைப்பட மரபில் வளர்ந்தவர்கள் நாம். கதைமாந்தர் திடீரெனப் பாடத் தொடங்கினால் மேனாட்டார் சிலர்க்கு அது விந்தை, நமக்கோ இயல்பு. படத்தின் கைத்திறனிலும் நாம் குறை காணவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு நெடுஞ்சாலைகளை இணைக்கும் உயர்ந்த பாலத்தில், நெரிசலில் நின்ற வண்டிகளிலிருந்து மக்கள் இறங்கி ஆடிப்பாடும் தொடக்கக் காட்சி வியக்கத்தக்கது. மெய்யான பாலத்தின்மீது, கோடை வெயிலில் எடுத்த காட்சி அது. லீனஸ் சாண்ட்கிரெனின் ஒளிப்பதிவில் அந்திவானம் ஓவியமாகிறது. ஜஸ்டின் ஹர்விட்ஸின் இசை காதைவிட்டு எளிதில் அகலுவதில்லை. நாயகன் ரையன் காஸ்லிங் பியானோவைப் பயின்று தம் விரல்களாலேயே வாசித்தார். அவர் குரலும் நாயகி எம்மா ஸ்டோனின் குரலும் மெலிந்தவைதாம். ஆயினும் அதைக் குறையென்று நாம் பெரிதுபடுத்தவில்லை. நம் மனத்தாங்கல் வேறிடத்தில் இருக்கிறது.

கதை எளியது. மியா, படப்பிடிப்பு நிலையத்துக் காபிக் கடையில் பணிசெய்துகொண்டே நடிப்புத் தேர்வுகளுக்கு அலையும் பெண். செபாஸ்டியன், மறைந்துவரும் பழைய ஜாஸ் இசைக்குத் தனக்கென ஓர் இசைவிடுதி அமைக்க விரும்பும் பியானோக் கலைஞன். இருவரும் சந்திக்கின்றனர், காதல் கொள்கின்றனர், ஒருவரையொருவர் ஊக்குவிக்கின்றனர், பின்பு பிரிகின்றனர். ஐந்தாண்டுகளுக்குப் பின் மியா புகழ்பெற்ற நடிகை. வேறொருவரை மணந்து ஒரு பெண்குழந்தைக்குத் தாயாகியிருக்கிறாள். செபாஸ்டியனுக்கு அவன் விரும்பிய விடுதி அமைந்திருக்கிறது. ஒருநாள் இரவு மியா தற்செயலாகத் தன் கணவருடன் அவ்விடுதிக்குள் நுழைகிறாள். அவன் பழைய மெட்டை வாசிக்கிறான். நடந்திருக்கக்கூடிய மற்றொரு வாழ்வு ஒரு நீண்ட கனவாகத் திரையில் விரிகிறது. கனவு கலைகிறது. இருவரும் ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகைக்கின்றனர். படம் முடிகிறது.

இவ்விருவரைச் சுற்றியும் மனிதர் இருக்கின்றனர். அவர்களைப் படம் எவ்வாறு நடத்துகிறது என்று பார்ப்போம். மியாவுக்குத் தொடக்கத்தில் கிரெக் என்றொரு காதலன் இருக்கிறான். அவனுடன் உணவு மேசையில் அமர்ந்திருக்கும்போது அவள் காதில் செபாஸ்டியனின் மெட்டு விழுகிறது; உடனே எழுந்து ஓடிவிடுகிறாள். நாம் மகிழவேண்டிய தருணமாகப் படம் அதனைக் காட்டுகிறது. மேசையருகே விடப்பட்டவன் என்ன ஆனான்? அவன் சுவையற்றவன் என்று முன்பே காட்டியாயிற்று. எனவே அவனைப்பற்றிக் கவலையில்லை. கடற்கரையோர இசைவிடுதி ஒன்றில் ஜாஸ் இசையின் மேன்மையை மியாவுக்கு விளக்குகிறான் செபாஸ்டியன். இந்த இசையைப் பேச்சுக்குப் பின்னணியாக எண்ணிவிடக் கூடாது, இது கூர்ந்து கேட்க வேண்டியது என்பது அவன் வாதம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அருகில் கருப்பினக் கலைஞர்கள் வாசித்துக்கொண்டிருக்கின்றனர். அவன் பேச்சே அவர்களின் இசையைப் பின்னணியாக்கிவிடுகிறது! அமெரிக்கக் கருப்பின மக்கள் துன்பத்தினூடே உலகுக்கு ஈந்த கொடை ஜாஸ். அதைக் காக்கும் பொறுப்பு ஒரு வெள்ளை இளைஞனின் தோளில் ஏற்றப்பட, அதைப் படைத்தோரின் வழிவந்தோர் பெயரற்றவர்களாய் ஓரத்தில் நிற்கின்றனர். ஜான் லெஜெண்ட் நடித்த கீத் என்னும் இசைக்குழுத் தலைவன் மட்டும் நல்லதொரு கேள்வி கேட்கிறான்: பழைமையையே பற்றிக்கொண்டிருந்தால் இந்த இசை எவ்வாறு வாழும்? படம் அக்கேள்விக்கு விடை சொல்வதில்லை. அவனது இசை நிகழ்ச்சியை வெறும் பகட்டாகக் காட்டிக் கடந்துவிடுகிறது.

இவற்றைவிட நம்மை வருத்துவது ஒன்றுண்டு. இப்படத்தை விரும்புவோர் பெரும்பாலும் சொல்வது, இது கனவுக்காகச் செய்யப்படும் தியாகத்தின் கதை என்பதாகும். அவ்வாறு சொல்லுமாறு படமும் அவர்களைத் தூண்டுகிறது. தியாகம் என்றால் என்ன? நமக்கு அருமையான ஒன்றைப் பிறருக்காகக் கொடுப்பது தியாகம், அதுவே பலி. நமக்கு அருமையான ஒன்றைக் கொடுத்து, நாம் அதினும் மேலாக விரும்பும் மற்றொன்றைப் பெறுவது கொள்முதல். அங்கே கொடுக்கப்படுவது விலை. விலை கொடுப்பதில் இழிவு ஏதுமில்லை. உலகியல் அவ்வாறே நடக்கிறது. ஆனால் விலையைப் பலியென்று அழைக்கும்போது சொல் பொய்யாகிறது. மியாவும் செபாஸ்டியனும் காதலைக் கொடுத்துப் புகழையும் விடுதியையும் பெறுகின்றனர். பெற்ற பொருள் அவரவர்க்கே. இதில் ‘பிறர்’ எங்கே?

படத்தில் ஓரிடத்தில் மெய்யான தியாகம் எட்டிப்பார்க்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மியா தன் தாயுடன் தொலைபேசியில் பேசும்போது, செபாஸ்டியனுக்கு நிலையான வருவாய் இல்லை என்பது அவன் காதில் விழுகிறது. அதன்பின் அவன் தனக்குப் பிடிக்காத கீத்தின் குழுவில் சேர்கிறான்; ஊர் ஊராய்ச் சென்று வாசிக்கிறான். தன் விருப்பத்தை அவளுக்காக ஒதுக்கிவைக்கிறான். ஆனால் படம் அதனை எவ்வாறு எடைபோடுகிறது? தன்னையே காட்டிக்கொடுத்த பிழையாக! அதன் பொருட்டே சண்டை மூள்கிறது. குழுவின் புகைப்பட வேலையால் அவன் அவளது தனிநடிப்பு நாடகத்தைக் காணத் தவறுகிறான். முடிவில் விரியும் கனவிலோ முதலில் திருத்தப்படுபவற்றுள் ஒன்று இதுவே: அங்கே அவன் கீத்தின் அழைப்பை மறுத்துவிடுகிறான். ஒரு மனிதன் மற்றொருவர்க்காகத் தன் விருப்பைத் துறந்த ஒரே செயல், நடந்திருக்கக் கூடாத செயலாகிவிடுகிறது.

பிரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் எண்ணிப்பாருங்கள். தேர்வில் வென்றால் மியா படப்பிடிப்புக்காகப் பாரிஸ் செல்லவேண்டும். பூங்கா இருக்கையில் அமர்ந்து இருவரும் பேசுகின்றனர். நீ முழுமனத்துடன் போ, எனக்கு இங்கே வேலையிருக்கிறது என்கிறான் அவன். ‘நீயும் வருவாயா?’, ‘நான் காத்திருக்கலாமா?’ என்ற கேள்விகளை இருவருமே மனம்விட்டுக் கேட்பதில்லை. பின்னர் வரும் கனவில் அவன் அவளோடு பாரிஸ் செல்கிறான். அங்கேயே பியானோ வாசிக்கிறான். ஆக, ஒருவர் விட்டுக்கொடுத்திருந்தால் இந்த அன்பு வாழ்ந்திருக்கும் என்பதைப் படமே அறிந்திருக்கிறது. அறிந்தும் அதனைக் கனவுக்குள்ளேயே பூட்டிவைக்கிறது.

முடிவின் துயரந்தான் இப்படத்தின் பெருமை என்பர் அன்பர்கள். அவ்வகைத் துயரத்தைப் பிரெஞ்சு இயக்குநர் ழாக் டெமி 1964-இலேயே ‘ஷெர்பூரின் குடைகள்’ என்னும் படத்தில் தந்துவிட்டார். டெமியின் தாக்கத்தை ஷசெல்லே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மிஷெல் லெகிரானின் இசையில், உரையாடல் அனைத்தும் பாடலாகவே அமைந்த படம் அது. வண்டி பழுதுபார்க்கும் கீ என்னும் இளைஞனும், குடைக்கடைக்காரியின் மகள் ஜெனவியேவும் காதலர். அல்ஜீரியப் போருக்கு அவன் கட்டாயமாக அழைத்துச் செல்லப்படுகிறான். அவள் கருவுற்றிருக்கிறாள்; கடையோ கடனில் இருக்கிறது; கடிதங்கள் அரிதாகின்றன. ரோலான் கஸார் என்னும் நகை வணிகர், பிறக்கப்போகும் குழந்தையைத் தம் குழந்தையாகவே ஏற்று அவளை மணக்கிறார். காலில் காயத்துடன் திரும்பும் கீ, தன்னை வளர்த்த அத்தையைப் பேணிய மட்லேன் என்னும் பெண்ணை மணந்து, பெட்ரோல் நிலையம் ஒன்றை நடத்துகிறான். பனிகொட்டும் ஓர் இரவில் ஜெனவியேவின் கார் அங்கே வந்து நிற்கிறது. அவன் இதுவரை கண்டிராத மகள் உள்ளே அமர்ந்திருக்கிறாள். அவளைப் பார்க்க விரும்புகிறாயா என்று ஜெனவியேவ் கேட்கிறாள். அவன் மறுத்துவிடுகிறான். கார் அகன்றபின் மனைவியும் மகனும் வருகின்றனர்; அவன் மகனோடு பனியில் விளையாடுகிறான்.

இரு முடிவுகளுக்கும் இடையிலுள்ள தொலைவே நம் வழக்கு. டெமியின் படத்தில் காதலரைப் பிரித்தவை போரும் வறுமையும் காலமும். அங்கே ரோலானுக்கும் மட்லேனுக்கும் முகமும் மனமும் உண்டு. கீ தன் மகளைக் காண மறுக்கும்போது நமக்கு நெஞ்சு வலிக்கிறது; ஏனெனில் அங்கே ஒரு குழந்தை இருக்கிறது, வேறொரு குடும்பம் இருக்கிறது, அவற்றுக்குரிய கடமை இருக்கிறது. ‘லா லா லேண்ட்’ படத்திலோ மியாவின் கணவரும் மகளும் மேசை நாற்காலிபோல் இருக்கின்றனர். கனவில் கணவர் இருந்த இடத்தில் செபாஸ்டியன் அமர்கிறான். அவன் குழந்தை அவள் மடியில் தவழ்கிறது. வீட்டில் உறங்கும் மெய்யான மகளை ஓர் இனிய இசை சிலநேரம் இல்லாமற்செய்துவிடுகிறது. அதை எண்ணி அழுவார் எவருமில்லை.

புனித அகுஸ்தினார், தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில், இளமையில் நாடக அரங்குகளில் தாம் கொண்ட மயக்கத்தை ஆராய்கிறார். துன்பத்தை விரும்பாத மனிதன் மேடைத் துன்பத்தை ஏன் விரும்பிச் சுவைக்கிறான் என்பது அவர் கேள்வி. அரங்கில் இருப்பவன் உதவிசெய்ய அழைக்கப்படுவதில்லை, துயருற மட்டுமே அழைக்கப்படுகிறான் என்று அவர் காண்கிறார். கலை அனைத்தையும் அவ்வளவு கடுமையாகத் தள்ளிவிட நாம் உடன்படவில்லை. டெமியின் படத்தைக் கண்டு எழுந்த துயரம் பிறரைக் கனிவோடு நோக்க நமக்குக் கற்பித்தது. ஆனால் நம்மை நாமே எண்ணி இன்புறும் துயரம் ஒன்றுண்டு. அதைக் குறித்து அகுஸ்தினார் சொன்னது இன்றும் பொருந்தும்.

ஒரு பொழுதுபோக்குப் படத்துக்கு இத்தனை விசாரணை ஏன் என்று கேட்கலாம். சொற்கள் பழுதுபட்டால் வாழ்வும் பழுதுபடும் என்பதே நம் விடை. நம் பிள்ளைகள் கனவுகளோடு நகரங்களுக்குச் செல்வதை நாம் தடுக்கவில்லை, வாழ்த்தியே அனுப்புகிறோம். ஆயினும் தன் முன்னேற்றத்திற்காகப் பிறரை இழந்ததைத் ‘தியாகம்’ என்று பெருமையுடன் சொல்லும் குரல்களை இன்று அடிக்கடி கேட்கிறோம். அதேவேளை, தம்பிகள் படிக்கவேண்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குச் சென்ற அக்காள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறாள். அவள் அச்சொல்லை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. அவளுக்கும் கனவு இருந்தது. பெண்பிள்ளையிடம் இத்தகைய துறவைக் கட்டாயமாகக் கோருவது கொடுமை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் அவளாக விரும்பிக் கொடுத்ததற்கும், ஒருவர் தமக்கென வாங்கியதற்கும் ஒரே பெயரைச் சூட்டினால், நாளை அவள் செய்ததைச் சொல்ல நம்மிடம் சொல் இராது.

இப்படத்தை விரும்பும் அன்பர்கள் நம்மோடு சினங்கொள்ள வேண்டா. பாடல்களைக் கேளுங்கள், வண்ணங்களைக் கண்டு மகிழுங்கள். மீண்டும் பார்க்கும்போது ஒன்றை மட்டும் செய்யுமாறு வேண்டுகிறோம். கடைசிக் காட்சியில் எல்லாரும் மியாவையும் செபாஸ்டியனையும் நோக்கியிருக்க, நீங்கள் அவள் அருகே அமர்ந்திருக்கும் கணவரை நோக்குங்கள். இன்னொரு பாடல் கேட்டுவிட்டுப் போகலாமா என்று அவர் அன்போடு கேட்கிறார். தம் மனைவி சற்றுமுன் எங்கே சென்று வந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அவரையும் ஒரு மனிதராகக் கண்டபின்னும் அந்தப் புன்னகை உங்களுக்கு இனிக்கிறதா என்று எங்களுக்கு எழுதுங்கள்.