‘முந்தி’ எங்கே போனது? – ‘ஐ, டேனியல் பிளேக்’ படத்தை மறுபடி பார்த்தபோது

‘ஐ, டேனியல் பிளேக்’ படம் இருட்டில் தொடங்குகிறது. திரையில் முகம் இல்லை, பெயர்கள் மட்டும் ஓடுகின்றன. ஒரு பெண் குரல் கேள்வி கேட்கிறது, ஓர் ஆண் குரல் பதில் சொல்கிறது. துணையில்லாமல் 50 மீட்டர் நடக்க முடியுமா? சட்டையின் மேல் பைக்குள் எதையாவது வைப்பதுபோலக் கையை உயர்த்த முடியுமா? தொப்பி போடுவதுபோலத் தலைவரை உயர்த்த முடியுமா? அந்த மனிதருக்கு வந்திருப்பது மாரடைப்பு. கையும் காலும் நல்லாத்தான் இருக்கு, என் நெஞ்சைப் பற்றிக் கேளுங்கள் என்கிறார். குரல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.

2016இல் லண்டன் தியேட்டர் ஒன்றில் இந்தக் காட்சியைப் பார்த்தபோது கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஏழு வருடம் கழித்து மாமியின் வீட்டு சோபாவில் இருந்து, மாமியோடு சேர்ந்து பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு முன்னால் மேசையில், மாமியைப் பற்றி இன்னொருவர் எழுதிய முப்பத்துச் சொச்சம் பக்க அறிக்கை கிடந்தது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். கென் லோச் இயக்கி, பால் லாவர்ட்டி எழுதிய இந்தப் படம் 2016இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. நியூகாசிலில் வாழும் 59 வயதுத் தச்சர் டேனியல். மேடை நகைச்சுவைக் கலைஞரான டேவ் ஜோன்ஸ் நடித்திருக்கிறார். வேலைக்குப் போகக்கூடாது என்கிறார் அவருடைய மருத்துவர். ஆனால் அரசுக்காக மதிப்பீடு செய்யும் தனியார் நிறுவனத்தின் ஊழியர், அவர் வேலை செய்யத் தகுதியானவர் என்று எழுதிவிடுகிறார். உதவித்தொகைக்கு 15 புள்ளிகள் வேண்டும். டேனியலுக்குக் கிடைத்தது 12. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்கு முன் அதே துறையிடம் ‘மறுபரிசீலனை’ கேட்டாக வேண்டும். அது முடியும்வரை அந்த உதவித்தொகை வராது. வேறு வழியில்லாமல், செய்யக்கூடாத வேலையைத் தேடி அலைவதாக நிரூபித்துக்கொண்டு வேலையற்றோர் உதவியில் காலம் தள்ளுகிறார்.

இது கற்பனை விதி அல்ல. பிரிட்டனில் இந்தப் புள்ளிக்கணக்கு மதிப்பீடு 2008இல் வந்தது, கட்டாய மறுபரிசீலனை 2013இல் சேர்ந்தது. அந்த அட்டவணையில் கைக்கு ஒரு வரிசை உண்டு, நடைக்கு ஒரு வரிசை உண்டு, நெஞ்சுக்கு இல்லை. லாவர்ட்டி முதல் இரண்டு நிமிடத்திலேயே இதைப் பிடித்துவிட்டார். கேட்பவர் பொய் சொல்லவில்லை, பதில் சொல்பவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் இருவரும் சேர்ந்து ஒரு பொய்யான ஆவணத்தை உருவாக்குகிறார்கள்.

இனி மாமி. டேனியலைவிட ஒரு வயது குறைவு. சூப்பர் மார்க்கெட்டில் பதினான்கு வருடம் பெட்டி தூக்கியவர். இப்போது மூட்டுவாதம். காலையில் எழுந்து விரல்கள் மடங்க ஒன்றரை மணிநேரம் ஆகும். அவர் கேட்டது ‘பிப்’ என்று இங்கே எல்லோரும் சொல்லும் உதவித்தொகை. வேலை செய்ய முடியுமா என்பதை அது பார்ப்பதில்லை. சமைக்க, குளிக்க, உடுக்க, நடக்க எவ்வளவு உதவி வேண்டும் என்று பார்க்கிறது. அன்றாட வாழ்வுப் பகுதியில் 8 புள்ளி எடுத்தால் சாதாரண தொகை. மாமிக்குக் கிடைத்தது 2.

அறிக்கையை வாசித்தேன். “குடும்பத்தில் அனைவருக்கும் இவரே சமைக்கிறார்” என்று ஒரு வரி. “மாமி, இப்பிடியே சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. முந்தி எல்லாருக்கும் நான்தான் சமைப்பன் எண்டு சொன்னனான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழில் ‘சமைப்பன்’ வெளித்தோற்றத்தில் எதிர்கால வினை. வழக்கமாகச் செய்வதற்கும் அதுதான், ஒரு காலத்தில் வழக்கமாகச் செய்ததற்கும் அதுதான். அந்த வாக்கியத்தில் காலத்தைச் சுமந்துகொண்டு நின்றது ‘முந்தி’ என்ற ஒரேயொரு சொல். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை விட்டுவிட்டார், அல்லது லைன் கரகரத்ததில் அது அவர் காதில் விழவில்லை. மாமியின் பத்து வருடத்துக்கு முந்தைய சமையலறை அப்படியே இன்றைய சமையலறையாகிவிட்டது. புள்ளி பூச்சியம்.

அடுத்தது இன்னும் மோசம். குளிப்பது, உடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்க, மாமி “சமாளிப்பன்” என்று சொல்லியிருக்கிறார். அறிக்கையில் அது “சுயமாகச் செய்கிறார்” என்று பதிவாகியிருக்கிறது. சமாளிப்பது என்றால் என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். முடியாததை முடிந்ததுபோல் காட்டுவதற்கு நம் அம்மாக்கள் வைத்திருக்கும் சொல் அது. மாமி சட்டை போட இருபத்தைந்து நிமிடம். பட்டனை மகள் பூட்டிவிட வேண்டும். அதுவும் சமாளிப்புத்தான்.

படத்தில் டேனியல் இறுதிவரை நகைச்சுவையாகப் பேசுவார், அடுத்த வீட்டுப் பையனைத் திட்டிக்கொண்டே உதவுவார், லண்டனிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்த கேட்டிக்கு வீட்டைத் திருத்திக் கொடுப்பார். பாதிப் படத்தில் மாமி சொன்னார்: “அந்தாள் ஒருக்காலும் ஏலாது எண்டு சொல்லேல்லை, கவனிச்சனியே?” நான் கவனித்திருக்கவில்லை. நான் வாசித்த விமர்சனங்களிலும் அது இல்லை. பசியில் கேட்டி உணவு வங்கியிலேயே டின்னை உடைத்துச் சாப்பிடும் காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினோம். அது பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பில் இருப்பதைச் சொல்ல வெட்கப்படும் உழைப்பாளியின் மௌனம் படம் முழுக்க ஓடுகிறது. அந்த மௌனத்தைத்தான் மதிப்பீட்டு முறை ‘தகுதி’ என்று வாசிக்கிறது.

படம் வந்தபோது, இது மிகைப்படுத்தல் என்று சில அரசியல்வாதிகள் சொன்னார்கள். என் குறை அதற்கு நேர் எதிரானது. படம் போதிய அளவு விவரத்துக்குள் போகவில்லை. இசையைக் கேட்டபடி 1 மணி 48 நிமிடம் போனில் காத்திருப்பதைக் காட்டுகிறது, கணினியின் மவுஸோடு மல்லுக்கட்டுவதைக் காட்டுகிறது. ஒரு தவறான அறிக்கையை வரிவரியாக எப்படி எதிர்ப்பது என்பதைக் காட்டவில்லை. டேனியலின் உதவித்தொகைச் சட்டத்திலேயே ஒரு கதவு இருந்தது: புள்ளி போதாவிட்டாலும், வேலைக்குத் தகுதியானவர் என்று முடிவு செய்வதால் உடல்நலத்துக்குக் கணிசமான ஆபத்து வருமென்றால் அவரைத் தகுதியற்றவராகவே கருத வேண்டும். மாரடைப்பு வந்த தச்சருக்கென்றே எழுதியதுபோன்ற விதி. படம் அதில் நின்று பேசுவதில்லை. சோகத்துக்கு அது தேவைப்படவில்லை போலும்.

எங்களுக்குத் தேவைப்பட்டது. பிப் விதிகளில் நான்கு சொற்கள் இருக்கின்றன. ஒரு செயலைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் ‘முடியும்’. நியாயமான நேரம் என்றால், அந்தக் குறைபாடு இல்லாதவருக்கு அதிகபட்சம் ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. மாமியின் இருபத்தைந்து நிமிடத்துக்கு முதல்முறையாகச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், மாமி உண்மையில் சொன்னது என்ன, வீட்டில் நடப்பது என்ன என்று எழுதினோம். இரண்டு வாரம் நாட்குறிப்பு வைத்தோம். மருத்துவரிடம் கடிதம் வாங்கினோம். இலக்கியம் படித்து நான் கற்ற நுண்வாசிப்பு ஒருவரின் சாப்பாட்டுக்கு உதவியது இந்த ஒரு தடவைதான்.

மறுபரிசீலனைக் கடிதம் வந்தது. அதே 2 புள்ளி. வாக்கியங்கள்கூட அதேதான்.

டேனியல் தன் மேல்முறையீட்டு நாளில், விசாரணை அறைக்குப் போகும் முன் கழிவறையில் விழுந்து இறக்கிறார். அவர் வாசிக்க எழுதி வைத்திருந்ததைச் சவ அடக்கத்தில் கேட்டிதான் வாசிக்கிறாள். முதல் தடவை அழுதேன். இந்தத் தடவை கோபம் வந்தது. அந்த அறைக்குள் என்னைக் கூட்டிப் போகாமல் ஏன் கதவடியில் விட்டுவிட்டீர்கள் லோச்? தீர்ப்பாயத்துக்குப் போகும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேல் விண்ணப்பித்தவருக்குச் சாதகமாகவே பல வருடங்களாக முடிந்து வருகின்றன. கதவடியில் முடியும் கதையை நம்பி எத்தனை பேர் அந்தக் கதவுவரைகூட வராமல் இருந்திருப்பார்கள்?

லோச் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். முடிவுக் கடிதத்திலிருந்து தீர்ப்பாயம்வரை மாமிக்குப் பத்து மாதம் ஆனது. அதற்குள் மகளின் கிரெடிட் கார்ட் நிறைந்துவிட்டது. தவறைத் திருத்த வழி இருப்பது வேறு, திருத்தும்வரை உயிரோடு இருப்பது வேறு. டேனியல் மாட்டிக்கொண்ட பொறியை, அதாவது மறுபரிசீலனை முடியும்வரை பணம் தராமல் இருந்ததை, சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2020இல்தான் சொன்னது. படம் வந்து நான்கு வருடம் கழித்து.

படம் காட்டாத அந்த அறை மிகச் சாதாரணமானது. நீளமான மேசை, தண்ணீர்க் குவளை. ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறன் பற்றிய அனுபவமுள்ள மூன்றாவது உறுப்பினர். மாமிக்குப் பக்கத்தில், இந்த முறை நேரில், ஒரு மொழிபெயர்ப்பாளர்.

நேற்றிரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டார்.

“புட்டு. மகள் அவிச்சவ.”

நீங்கள் கடைசியாக எப்போது செய்தீர்கள்? மாமி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மாவைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைக்கும் அந்த வேலையை நினைத்திருப்பார்.

“ஏலாது ஐயா. கொரோனாவுக்கு முந்தி அவிச்சது.”

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். ‘முந்தி’யையும் சேர்த்து. நீதிபதி எழுதிக்கொண்டார்.

சமையலுக்கு 4, குளிப்பதற்கு 2, உடுப்பதற்கு 2, உணவை வெட்டுவதற்கு 2. மொத்தம் 10. நிலுவைப் பணம் வந்த அன்று மாமி போனில், இனிமேல் ஆர் கேட்டாலும் சமாளிப்பன் எண்டு சொல்லமாட்டன் என்றார். அடுத்த கிழமை எடுத்து, எப்பிடி இருக்கிறீங்கள் மாமி என்று கேட்டேன்.

“இருக்கிறன் பிள்ளை. சமாளிக்கிறன்.”