மரியான் பிராண்டின் தேநீர்க் கலம்

கலைப்பொருள் வேறு, புழங்குபொருள் வேறு என்பது பலர்தம் கொள்கை. இக்கொள்கையை மறுத்தெழுந்தது, ஜேர்மனியின் வைமார் நகரில் 1919 ஆம் ஆண்டு வால்ட்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ் கலைக்கூடம். கலையும் தொழில்நுட்பமும் ஒன்றாதல் வேண்டும் என 1923 இல் அக்கூடம் பறைசாற்றியது. அக்கூற்றினை உரைத்துப் பார்த்தற்கு ஏற்றது, அதன் உலோகப் பட்டறையிற் பயின்ற மரியான் பிராண்ட் அம்மையார் 1924 இல் ஆக்கிய தேநீர்க் கலமாகும்.

இக்கலம் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் உயரமே உடையது. இதில் வடிப்பது கடுமையான தேயிலைச் சாயம். அதனைக் கிண்ணத்தில் வெந்நீரோடு கலந்தே பருகுவராதலின், சிறுமை இதற்குக் குறையாகாது. உடல் அரைக்கோளம், அதனைத் தாங்குவது சிலுவை வடிவான கால், பிடி கருங்காலியாலான அரைவட்டம். வட்ட மூடி நடுவில் அமையாது மூக்கினின்றும் விலகியிருத்தலால், வார்க்குங்கால் சாயம் ஒழுகுவதில்லை. வெள்ளி விரைந்து சுடும். கருங்காலி கையைச் சுடாது. வடியும் கலத்தினுள்ளேயே உண்டு. ஈண்டு அழகெனத் தோன்றுவனவற்றுட் பல, ஆராயுமிடத்துப் பயனேயாகும்.

ஆயினும், பயனே வடிவத்தைப் பிறப்பித்தது என்பார் கூற்று முற்றும் ஏற்கத்தக்கதன்று. தேயிலைச் சாயம் அரைக்கோளத்தை வேண்டுவதில்லை. சிலுவைக் காலையும் வேண்டுவதில்லை. அவை கலைஞர் விரும்பித் தேர்ந்தவை. மேலும், இயந்திரத்திற் பிறந்ததெனக் காட்சி தரும் இக்கலம் கையால் அடித்து உருவாக்கப்பெற்றது. பெண்ணுக்கு அப்பட்டறையில் இடமில்லை எனக் கருதிய ஆடவர், தொடக்கத்திற் சிறு அரைக்கோளங்களை ஓயாது அடிக்கும் சலிப்பான வேலையையே தமக்கு அளித்தனர் என அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஒறுப்பென வந்த அவ்வுருவே அவர்தம் புகழுக்கு நிலைக்களனாயிற்று. ஆனாற் கைவினையாதலின் இக்கலங்கள் சிலவே செய்யப்பட்டன. அவற்றுட் சில அருங்காட்சியகங்களில் உறைகின்றன. பல இல்லங்களுக்கு முன்மாதிரியாக எண்ணப்பட்ட பொருள் எளியோர் இல்லத்தை எட்டவில்லை.

இதுகொண்டு அம்முயற்சியைத் தோல்வியெனத் தள்ளுதல் நேரிதன்று. 1928 இல், லைப்சிக் நகரத் தொழிலகம் ஒன்றிற்காக ஹின் பிரெடன்டீக்குடன் சேர்ந்து அம்மையார் ஆக்கிய காண்டெம் படுக்கை விளக்கு, தொழிற்சாலையிற் பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று. அதன் மூடாக்கு வேண்டிய பக்கம் சாயும். அடித்தட்டிலுள்ள பொத்தானை இருளிலும் விரல் அறியும். கலத்திற் கற்ற சிக்கனம் விளக்கில் ஊரார்க்குப் பயன்பட்டது.

கலம் வியப்புக்குரியது, விளக்கு நன்றிக்குரியது. எனினும், விளக்கை வகுத்த கை அரைக்கோளம் அடித்துப் பழகிய கையே என்பது மறத்தற்பாலதன்று.